சந்தி காலியாகும் முன்

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைக்குப் பிரியும் நாற்சந்தியில், வட்டமான சிமெண்டு மேடைமேல் சவரிராயன் ஏறி நின்றது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில். அறுபது பிறந்தும் இறங்கவில்லை. காலை எட்டுக்கு ஏறினால் பன்னிரண்டு வரை, மறுபடி நாலுக்கு ஏறினால் விளக்கு வைக்கிற நேரம் வரை. காக்கி அரைக்கால்சட்டை, சிவப்புத் தொப்பி, முழங்கை வரை வெள்ளை உறை. ஊரே அவர் கையைப் பார்த்து நின்றது, கையைப் பார்த்து நகர்ந்தது. முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

அவருக்கும் ஆட்களை வண்டியாகத்தான் தெரியும். நூல் மூட்டை சைக்கிள், பால்கேன் சைக்கிள், நொண்டிக் குதிரை ஜட்கா. மனைவி இன்பமேரி தலைப்பிரசவத்தில் போய்ச் சேர்ந்து பதினாலு வருஷம் ஆகிறது. பிள்ளையும் தங்கவில்லை. போலீஸ் லைனில் ஓர் அறை, மெஸ்ஸில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசி வரிசையில் நின்று, சாமியார் ஆசீர் கொடுத்த கையோடு முதல் ஆளாக வெளியே வந்துவிடுவார். வாசலில் நின்று பேசுவதற்கு யார் இருக்கிறார்கள்? சில நாள் அறைக்கதவைத் திறந்ததும், "என்னா வெயிலு இன்னைக்கு" என்று வாய்விட்டுச் சொல்வார். அன்று அவர் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் மாசியில் ஒரு நாள் காலை ஒன்பதரைக்கு, முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டிய பழைய கறுப்புக் கார் ஒன்று சந்திக்கு வந்தது. ஓட்டியது ஐம்பது வயது அம்மாள். பக்கத்தில், மோட்டார் பழக்கிவிடும் பாலசுந்தரம், கைப்பிரேக்கைப் பிடித்த பிடி விடாமல் உட்கார்ந்திருந்தார். பெண்பிள்ளை கார் ஓட்டுகிறாள் என்று கடைக்காரர்கள் தராசைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ராசிபுரத்து நெசவுக் குடும்பத்து ஜானகியம்மாள் அவர். நூல் வியாபாரியான புருஷன் போன ஐப்பசியில் தவறிவிட்டார், டிரைவரும் வேறு இடம் பார்த்துக்கொண்டான் என்றெல்லாம் சவரிராயனுக்குப் பிறகு பாலசுந்தரம் சொல்லித்தான் தெரியும்.

சரியாகச் சந்தி நடுவில் வந்ததும் கார் நின்றுபோயிற்று. சவரிராயன் மற்ற மூன்று பக்கத்தையும் நிறுத்திவைத்தார். ஒரு வழியாகக் கிளம்பியபோது அந்த அம்மாள் ஜன்னல் வழியே, "ரொம்பப் புண்ணியமுங்க. வாரனுங்க" என்றார்.

எட்டு வருஷத்தில் அந்த மேடையிடம் சொல்லிக்கொண்டு போன முதல் ஆள்.

மறுநாளும் கார் நின்றது, மறுநாளும் "வாரனுங்க". அதன்பின் ஒன்பது மணி தாண்டினால் சவரிராயனுக்குக் கண் தானாகக் கிழக்கே போகும். கார் தலை தெரிந்ததும் அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வழி விடுவார். இதை முதலில் கண்டுபிடித்தவன் டவுன் பஸ் ஓட்டும் கருப்பண்ணன்.

"என்ன சவரிண்ணா, சம்மந்தியம்மாவா? மேளம் வெச்சு அனுப்பிடலாமா?"

பஸ்ஸே சிரித்தது. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, இதில் சம்மந்தி வேறு. சவரிராயன் காதில் விழாத மாதிரி நின்றார். காது மட்டும் கொதித்தது.

வியாழக்கிழமை கார் மறுபடி நடுச்சந்தியில் நின்றது. அவர் கை தூக்கியபடியே காத்திருந்தார். கருப்பண்ணன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. கழுத்தை வெளியே நீட்டி, "இன்னைக்குத் தாலி கட்டிட்டுத்தான் விடுவீங்களாட்டம் இருக்குது!" என்றான்.

சிரிப்பு பஸ்ஸிலிருந்து கடைத்தெருவுக்கும் பரவியது. சவரிராயன் வெடுக்கென்று காருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பஸ்ஸுக்குக் கை காட்டிவிட்டார். சந்தி காலியாகாமல் அடுத்த பக்கத்தைத் திறக்கக் கூடாது. அது அவருக்குத் தெரியும். கார் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்பதும் தெரியும். முதுகுக்குப் பின்னால் இன்ஜின் கரகரவென்று இருமுவது கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ் உள்ளே வந்தது. அதே நொடியில் கார் உயிர் பெற்று முன்னால் துள்ளியது.

மட்கார்டு நசுங்கிற்று, ஒரு விளக்கு நொறுங்கிற்று. ரத்தம் இல்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"எல் போர்டு மாட்டிக்கிட்டா ரோடென்ன அப்பன் ஊட்டு ரோடா?"

"அடுப்புல வெக்கற கையில வண்டியைக் குடுத்தா இப்படித்தான்."

கருப்பண்ணன் குதித்து இறங்கினான். "சவரிண்ணா, நீங்களே சொல்லுங்க. நீங்க கை காட்டித்தானே வந்தேன்? தப்பு யார் மேல?"

சவரிராயன் வாய் திறப்பதற்குள் ஜானகியம்மாள் இறங்கிவிட்டார். "என் மேலதானுங்க. கிளச்சை வெடுக்குனு உட்டுப்போட்டனுங்க."

"அம்மா, சும்மா இருங்க!" என்று பல்லைக் கடித்தார் பாலசுந்தரம்.

அந்த அம்மாள் நசுங்கிய தகரத்தைத் தடவிக்கொண்டே, யாருக்கென்று இல்லாமல் சொன்னார்: "திங்கக்கெழமை பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட ஓட்டிக் காட்டோணும். கேசுன்னு ஆச்சுன்னா லைசென்சு ஏது? எங்க கொழுந்தனார் அன்னைக்கே காரை வித்துப்போடுவாருங்க. அப்புறம் நான் ஊட்டை உட்டு எங்கே வெளிய வாரது?"

அன்று அவர் "வாரனுங்க" சொல்லவில்லை.

ஸ்டேஷனில் ஏட்டு சின்னண்ணன் காகிதத்தை நகர்த்தினார். "ரெண்டே வரி. பழகுபவரின் கவனக்குறைவு. அந்தம்மாவே ஒத்துக்கிச்சு, வேலை முடிஞ்சுது."

சவரிராயன் பேனாவை மையில் தோய்த்தார். ஏட்டு சொன்னபடி எழுதினால் நாளைக்கும் மேடை இருக்கும், கார்தான் வராது. உள்ளபடி எழுதினால் கார் வரும். மேடையில் வேறு எவனாவது நிற்பான். இரண்டு முறை மை காய்ந்தது. கடைசியில் எழுதினார்: சந்தி காலியாகுமுன் பேருந்துக்குக் கை காட்டியது நான். கார் ஓட்டியவர் மீது தவறில்லை.

சின்னண்ணன் படித்துவிட்டு நிமிர்ந்தார். "கிறுக்குப் புடிச்சிருச்சா? கார் நின்னது உனக்கெப்படித் தெரியும்? முதுகுலயா கண்ணு?"

"காது இருந்துச்சே."

"யாராவது உன்னைக் கேட்டாங்களாய்யா?"

"கேக்கலை."

சனிக்கிழமையே உத்தரவு வந்தது. சவரிராயன் கஜானாவுக்குப் பாராக் காவலுக்கு மாற்றப்பட்டார். அரக்கு முத்திரை வைத்த இரும்புக் கதவு, தோளில் துப்பாக்கி, இந்தப் பக்கம் பன்னிரண்டு அடி, அந்தப் பக்கம் பன்னிரண்டு அடி. நிறுத்தவும் யாரும் இல்லை, போகச் சொல்லவும் யாரும் இல்லை.

சித்திரையில் ஒரு நாள் சலான் கட்ட வந்த பாலசுந்தரம் அவரைப் பார்த்துவிட்டார்.

"அட, இங்கயா இருக்கீங்க? அந்தம்மா பாஸுங்க! பிரேக் இன்ஸ்பெக்டரே அசந்துட்டார். கேசு இல்லாமப் போச்சுல்ல, பஸ்காரன் நல்லவன், ஸ்டேஷன்ல தப்பை ஒத்துக்கிட்டான்னு அந்தம்மாவுக்கு அவன் மேல ஏக மரியாதை. எதிர்ல பஸ் வந்தா ஒதுங்கி வழி விட்டு, தலையாட்டிட்டுப் போறாங்கன்னா பாருங்களேன்."

சவரிராயன் வாயைத் திறந்தார். பாராக்காரன் பேசக் கூடாது என்பது விதி. ஆனால் திறந்த வாயை அவர் மூடிக்கொண்டது அதனால் அல்ல. சொன்னால் பாலசுந்தரம் இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுவார். கார் நிற்பது தெரிந்தே பஸ்ஸை விட்டவன் என்று அறிந்தபின் அந்த அம்மாள் தன்னை எப்படி நினைப்பார் என்று அவருக்குத் தெரியவில்லை.

"இப்ப எந்த ரோட்டுல போறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"தினமும் ராசிபுரம் போயிட்டு வாராங்க. இந்தப் பக்கம் அவங்களுக்கென்ன வேலை?"

"சலான் ஜன்னல் அந்தக் கோடியில இருக்கு" என்றார் சவரிராயன். "பன்னிரண்டுக்குச் சாத்திடுவாங்க, சீக்கிரம் போங்க."

பாலசுந்தரம் போனார். சவரிராயன் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார். பன்னிரண்டாவது அடியில் திரும்பும்போது, தெருவில் எங்கோ ஒரு கார் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. நின்று கேட்டார். கை பழகின ஆள்தான், கரகரப்பில்லாமல் மாற்றிவிட்டுப் போய்விட்டது.