மிரியம் குடிக்காத தேநீர்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய லாசாலில், எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மிரியம் என்ற யூதப் பெண்மணி வாராவாரம் வந்து, என் மகளுக்கு இலவசமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். மூன்று வருடங்களில் ஒருநாள்கூட எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. தேநீரை நீட்டினால் சிரித்தபடி வேண்டாம் என்பார்.

"எங்கட வீட்டில குடிக்க அவவுக்கு அருவருப்பு. பேந்து ஏன் வாறா? ஏழையளுக்கு உதவுறன் எண்டு படம் காட்டவோ?" என்று கணவரிடம் பொருமினேன். தேநீர் கொடுப்பதையே நிறுத்தினேன்.

பக்கத்து நகரான லவாலுக்கு மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய வருடம் அவர் காலமானார். அவர் தொண்டு செய்த நிலையத்தில், மாணவர்களுக்கான படிப்பறை ஒன்றை அவர் பெயரில் திறந்தார்கள். மகளுக்காகப் போனேன். மிரியத்தின் கணவரிடம் நான் சுட்ட வடையை நீட்டினேன். அவரும் சிரித்தபடி மறுத்தார்.

என் முகம் மாறியதை மகள் கண்டுவிட்டாள்.

"அம்மா, அவையின்ர சமயத்தில சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு இருக்கு. அதைக் கடுமையாப் பாக்கிற ஆக்கள் மற்ற வீட்டுப் பாத்திரத்தில குடிக்கவும் மாட்டினம். மிரியம் எனக்கு அப்பவே சொன்னவ."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

ஏன் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஊரில் சில சாதிக்காரர் வந்தால் நாங்கள் தனிப் பேணியில்தான் தண்ணீர் கொடுப்போம். அவர்கள் வீட்டில் நாங்கள் பச்சைத் தண்ணீரும் குடித்ததில்லை. ஒருவர் இன்னொருவர் வீட்டில் தண்ணீர் குடிக்காததற்கு நான் அறிந்திருந்த காரணம் அது ஒன்றுதான்.