நீலமாகாத கொய்யா ஜெல்லி

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு சேகோ மில்லில் மாவு பரிசோதிக்கும் வேலை எனக்கு. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து, பால் எடுத்து, மாவைத் தெளியவைத்து ஜவ்வரிசியாக்கும் இடம். என் மேசையில் அயோடின் கரைசல் எப்போதும் இருக்கும். மாவு இருந்தால் ஒரு சொட்டிலேயே கருநீலம் பாய்ந்துவிடும்.

என் கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஓட்டுகிறவர். மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் போர் போட்டுக்கொண்டிருப்பார். போன தடவை ஊர் வந்தபோது பாதம் எரிகிறது என்றார். இரத்தம் பார்த்ததில் சர்க்கரை ஏறியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, "மாவுச்சத்தை நல்லாக் குறைக்கோணும்" என்றார். அந்தச் சொல்லில் 'மாவு' மட்டும் அவர் காதில் தங்கிவிட்டது.

"உன்ற மில்லுல மாவைக் கண்டுபுடிக்கிற மருந்து இருக்குதல்ல? அதுல கொஞ்சம் கொண்டா" என்றார்.

மேற்பார்வையாளரிடம் கேட்டுச் சிறு குப்பியில் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு எங்கள் சமையலறையில் ஒரு தட்டு சோதனைக்கென்றே ஒதுங்கியது. இட்லித் துண்டு கருத்தது. பிஸ்கட் கருத்தது. வாழைக்காய் கருத்தது, நன்றாகப் பழுத்த வாழைப்பழமோ லேசாகத்தான் நிறம் மாறியது. காயிலிருந்த மாவு பழத்தில் எங்கே போனது என்று இருவரும் தட்டைச் சுற்றி நின்று பேசினோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் அவ்வளவு கேள்வி கேட்டதே இல்லை. எனக்கும் அது பிடித்திருந்தது.

அந்த வாரம் குமாரபாளையத்திலிருந்து என் அக்கா வந்தாள். எங்கள் குழந்தைகளுக்காகக் கொய்யா ஜெல்லி செய்து ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். சிவந்த கண்ணாடி மாதிரி இருந்தது. கவிழ்த்தால் அசைந்ததே தவிர விழவில்லை.

"மாவு போடாம இப்படி நிக்குமா?" என்றார் அவர்.

"நானெதுக்குங்க மாவு போடறேன்? கொய்யாப்பழத்த வேகவெச்சு, வடிச்ச தண்ணியில சக்கரையும் எலுமிச்சையும் போட்டுக் காச்சுனேன், அவ்வளவுதானுங்க" என்றாள் அக்கா.

எனக்கும் சந்தேகம்தான். கிழங்குமாவைக் கரைத்துக் காய்ச்சினால்தான் எதுவும் இறுகும் என்பது என் அனுபவம். ஒரு துளி எடுத்து அயோடின் விட்டேன். அயோடினின் பழுப்பு அப்படியே நின்றது. நீலம் வரவேயில்லை.

"மாவு இல்லீங்க" என்றேன்.

மறுநாள் நான் மில்லுக்குப் போன பிறகு, அந்தச் சொல்லை நம்பி அவர் கரண்டியும் பாட்டிலுமாக உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா மாவைத்தானே குறைக்கச் சொன்னார், இனிப்பைச் சொல்லவில்லையே என்பது அவர் நினைப்பு. சாயந்திரம் நான் வந்தபோது தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். தலை கனக்கிறது என்றார். வீட்டில் இருந்த கருவியில் விரலைக் குத்திப் பார்த்தோம். எண் போன தடவையைவிட வெகுவாக ஏறியிருந்தது. ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

"மாவே இல்லைன்னு உங்க ஊட்டுக்காரம்மா டெஸ்ட் பண்ணிச் சொன்னாங்களாக்கும்?" என்று, நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். மாவுச்சத்து என்றால் மாவு மட்டும் இல்லை. அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். சர்க்கரையும் அதில்தான், மாவும் அதில்தான். ஜெல்லியை இறுக்கும் பெக்டினும் அதே குடும்பம்தான்.

"அப்ப பெக்டின்தான் சர்க்கரைய ஏத்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"அது பாவம், ஒண்ணும் பண்ணலைங்க. அதோட சேர்ந்து கரைஞ்சிருந்த சர்க்கரைதான் ஏத்துச்சு."

அவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஓரிரு நாளில் அளவு இறங்கியது. என் மனம்தான் அந்த மூன்றையும் விடவில்லை. போனில் தேடித் தேடிப் படித்தேன். மாவு என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சரம். அந்தச் சரம் சுருண்டு கிடப்பதால் அயோடின் அதற்குள் புகுந்து நீலம் காட்டுகிறது. பெக்டினும் சரம்தான். ஆனால் மணி வேறு: இன்னொரு சர்க்கரை கொஞ்சம் உருமாறி அமிலமானது. நம் குடலில் மாவுச் சரத்தை வெட்டக் கத்தரி இருக்கிறது, பெக்டின் சரத்தை வெட்ட இல்லை. அதனால் அது சர்க்கரையாக இரத்தத்தில் ஏறாமல் நார்ச்சத்தாகப் பெருங்குடல் வரை போகிறது. அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்கின்றன.

செடியும் இரண்டையும் வேறு வேறு வேலைக்கு வைத்திருக்கிறது. மாவு, பின்னாளுக்கான சேமிப்பு. பெக்டின், செல்லையும் செல்லையும் ஒட்டும் சாந்து. பழம் கனியக் கனிய அந்தச் சாந்து இளகுவதால்தான் கொய்யா மெத்தென்று ஆகிறது. மில்லில் மாவைப் பிழிந்தபின் மாட்டுத் தீவனத்துக்குப் போகும் திப்பியிலும் அது கொஞ்சம் இருக்கிறதாம். தினமும் அதைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போகிறேன். ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை.

விஷயம் தெரிந்ததும் அக்கா அழுதுவிட்டாள். அடுத்த முறை வந்தவள் என்னிடம், "சக்கரையப் பாதியாக் கொறைச்சுக் காச்சிப் பாக்கலாம், சாமி" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மூவரும் அடுப்படியில் நின்றோம். எவ்வளவு காய்ச்சியும் அது இறுகவில்லை. ரசம் போலவே ஓடியது. சர்க்கரை நிறைய இருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால்தான், அந்தப் புளிப்பில் பெக்டின் சரங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

"இனி எனக்கு ஜெல்லியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கூடையில் மீந்திருந்த ஒரு செங்காய்க் கொய்யாவை எடுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடித்தார் அவர். மென்றபடியே என்னைப் பார்த்து, "ஏம்புள்ள, கடலை முட்டாயி இறுகுதே, அதுல எது புடிக்குது?" என்று கேட்டார். தேடிப் பார்க்க போனை எடுத்தேன்.