நைனா கேட்ட மன்னிப்பு

எழுபதுகளின் தொடக்கத்தில் திருத்தணியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தேன். அப்போது இரண்டு வகைக் கணக்கு உண்டு. இன்ஜினியரிங் படிக்க நினைப்பவர்கள் கடினமான காம்போசிட் கணக்கை எடுக்க வேண்டும். எனக்கு அல்ஜீப்ரா என்றாலே பயம். சுலபமானதையே கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைங்களுக்கு காம்போசிட் கணக்கு தரமாட்டாங்களாம் நைனா" என்று அப்பாவிடம் பொய் சொன்னேன்.

மறுநாள் நைனா தறியை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். தலைமையாசிரியர் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

"எம்பொண்ணு நல்லா படிக்கும்ங்க. பொண்ணுன்னு ஒதுக்காதீங்க" என்று நைனா கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"யாருங்க ஒதுக்கினது? வேணாம்னு எழுதிக் குடுத்ததே உங்க பொண்ணுதான்" என்றார் தலைமையாசிரியர்.

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலைமையாசிரியரைப் பார்த்துக் கைகளைக் கூப்பினார்.

"கொழந்த சரியாத்தான் சொல்லிச்சுங்க. நான்தான் தப்பா புரிஞ்சிகினேன். மன்னிச்சிருங்க."

வெளியே வந்ததும், "கஷ்டம்னா எங்கிட்ட சொல்லக்கூடாதா?" என்று மட்டும் கேட்டார். நான் உள்ளே ஓடிப்போய் காம்போசிட் கணக்குக்கே மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கணக்குதான் என்னை இன்ஜினியர் ஆக்கியது. "எம்பொண்ணு" என்று நைனா ஊரெல்லாம் பெருமை பேசும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். பார்த்தவர்கள் அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.