பிராக் நகரத்துப் பந்தி

போன வாரம் சென்னையிலிருந்து ஊருக்கு வருகிற வழியில் உளுந்தூர்பேட்டையில் காரை நிறுத்தினோம். நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக ஒரு பெரிய சாப்பாட்டுக் கடை வந்திருக்கிறது. லாரிக்காரர்களுக்குப் பரோட்டா ஒரு பக்கம், குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஏசி அறை ஒரு பக்கம். வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருவர் உருளைக் கட்டையில் மாவைச் சுற்றி, தணலில் உருட்டி, சர்க்கரையிலும் பட்டைத்தூளிலும் புரட்டிக்கொண்டிருந்தார். புகைபோக்கி கேக்காம். வாசனை மூக்கில் ஏறியதும் நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். என் மகள் இரண்டு அடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தாள். "இன்னாங்க, மயக்கம் வருதா?" என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை, பசி என்றேன். அது பிராக் நகரத்து வாசனை. அந்த ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் குமரேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும், குமரேசனைப் பற்றி அவளிடம் நான் முழுசாகச் சொன்னதில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன. நீங்கள் என்னோடு ஒரே வீட்டில் இருக்கப்போவதில்லை.

நாங்கள் மூன்று பேர். குமரேசனும் நானும் ஒரே ஊர். கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் கரும்புக்கொல்லையில் அவன் அம்மா கூலிக்கு வருவார், அவன் அப்பா செங்கல் சூளைக்குப் போவார். பொன்னுசாமி வெள்ளிமலைக்காரன். டவுனில் விடுதியில் தங்கிப் படித்தான். பதினொன்றாம் வகுப்பில் எங்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது படிப்பில்லை, உயரம். மூன்று பேருமே கடைசி பெஞ்சு.

அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போய், எந்தச் சாமி புண்ணியமோ, மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஜெர்மனியில் இருந்தோம். என்னை என் கம்பெனி ஒரு வருஷத்துக்கு அனுப்பியிருந்தது. குமரேசன் உதவித்தொகையில் மேல்படிப்பு படித்தான். பொன்னுசாமி நர்ஸ் வேலைக்குப் போய், அங்கிருந்த வயதானவர்களைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தான். எங்களில் அவனுக்குத்தான் ஜெர்மன் சரளமாக வரும். பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசவே வெட்கப்பட்டவன் அவன். எனக்கு அந்த மொழியில் 'நன்றி' மட்டும் தெரியும், அதையும் தப்பான இடத்தில் சொல்லுவேன்.

ஒரு நீண்ட விடுமுறையில் பஸ் பிடித்து, பக்கத்து நாட்டில் இருக்கும் பிராக் நகரத்துக்குப் போனோம். பார்க்க வேண்டிய இடங்கள் நாற்பத்தொன்று என்று பட்டியல் போட்டு, நேரம் குறித்து, மூன்று பிரதி எடுத்து வைத்திருந்தேன். குளிருக்கு அம்மா வாங்கி அனுப்பிய குரங்குக் குல்லாவையும் போட்டிருந்தேன். அந்தப் பட்டியலில் ஆறோ ஏழோதான் பார்த்தோம். காரணம் குமரேசன். ஒரு இடத்தில் நின்றான் என்றால் அவனைப் பெயர்த்து எடுக்க முடியாது.

முதல் நாள் காலை, ட்ராமிலிருந்து இறங்கி ஒரு சந்து திரும்பினோம். எதிரே ஆறு. அதன் மேல் கல் பாலம். பாலத்தின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கும் மேல் கருத்துப்போன கல் சிலைகள், பின்னால் மேடு முழுக்கக் கோட்டை, கோபுரம், சிவப்பு ஓடு. பனி இன்னும் விலகவில்லை. நான் பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். கோமுகி அணையில் தண்ணீர் திறந்துவிட்ட அன்றைக்கு ஊரே வாய்க்கால் கரையில் போய் நிற்குமே, அப்படி நின்றோம். இங்கே ஆறு தினமும் நிறைந்து போகிறது, யாரும் திரும்பிப் பார்க்காமல் ஆபீசுக்குப் போகிறார்கள். எனக்கு அதுவே பெரிய அதிசயமாக இருந்தது.

குமரேசன் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினான். ஒரு கல்லின் நீளத்தை முழம் போட்டுப் பார்த்தான். "இத்த தூக்கனவனுக்குத் தோள்ல தோலே இருந்திருக்காதுடா" என்றான். நான் சிலைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சூளைக்காரர் மகனுக்குக் கல்தான் முதலில் தெரிந்தது.

கோட்டைக்குப் படியேறினோம். நான் பதினைந்து படிக்கு ஒருதரம் நின்று இயற்கையை ரசிப்பதுபோல மூச்சு வாங்கினேன். பொன்னுசாமி பேசிக்கொண்டே ஏறிவிட்டான். ஜீப் வராத நாளில் மூட்டையோடு மலை ஏறினவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம். மேலே பெரிய தேவாலயம். உள்ளே தலையை அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரம். சன்னல் முழுக்க வண்ணக் கண்ணாடி. நாங்கள் நுழைந்த நேரம் பார்த்து வெளியே வெயில் வந்தது. நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம் தரையில் இறங்கி, நகர்ந்து, குமரேசனின் வெள்ளைச் சட்டை மேல் விழுந்தது. அவன் கைகளை லேசாக விரித்துக்கொண்டு அப்படியே நின்றான். வாடா, போகலாம் என்றேன். "இருடா, அசஞ்சா போயிடும்" என்றான். மேகம் வந்து மறைக்கிற வரைக்கும் நின்றான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலுக்குப் போனால் செருப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும் ஆள் நான், எனக்கே அப்படி.

வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் குமரேசன் பையைத் திறந்தான். இரண்டு ஆப்பிள், அதன் மேல் இரண்டு கல்யாணப் பத்திரிகை, நாலு மூலையிலும் மஞ்சள். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். தட்டு கிடைக்காததால் என் பட்டியலின் ஒரு பிரதியை விரித்து அதில் வைத்துக் கொடுத்தான். முதல் பத்திரிகை எங்களுக்குத்தானாம். பொன்னுசாமி எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். என்னிடம் கொடுக்கும்போது குமரேசன், "வூட்ல எல்லாரையும் இட்டாரணும். வந்து சாப்புடணும்" என்றான். அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னான். நான் அதைக் கவனித்தேன், கவனிக்காததுபோல ஆப்பிளைக் கடித்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் மதியச் சாப்பாடு என் விருந்து என்று அறிவித்தேன். தரைக்குக் கீழே ஒரு பழைய நிலவறை, கல் வளைவுக் கூரை, நீளமான மர மேசைகள். ஹோட்டல் மாதிரியே இல்லை, யாரோ வீட்டு விசேஷத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. பரிமாறியவர் ஏப்ரன் கட்டிய பருமனான ஒரு அம்மாள். வறுத்த வாத்து வந்தது, புளிப்பு முட்டைக்கோஸ் வந்தது, கூடவே ஆவியில் வேகவைத்த மாவை இட்லியை நறுக்கினதுபோல வட்ட வட்டமாக வெட்டி வைத்திருந்தார்கள். நான் பெரிய வள்ளல்போலக் கையை நீட்டி, "எங்க வூட்ல சாப்புடற மாதிரி நெனச்சிக்கினு சாப்புடுங்கடா" என்றேன். சாப்பிட்டோம். அந்த வாத்தின் ருசி, தோல் மொறுமொறுவென்று உடைந்து கொழுப்பு நாக்கில் கரைந்த விதம், அதற்குப் பிறகு எங்கேயும் எனக்கு வாய்க்கவில்லை. பொன்னுசாமி எலும்பைக்கூட விடவில்லை.

முடிந்ததும் குமரேசன் எலும்புகளைத் தட்டில் ஓரமாகக் கூட்டினான். முள்கரண்டியையும் கத்தியையும் மேலே வைத்தான். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தான். அந்த அம்மாள் குறுக்கே வந்து ஏதோ கேட்டார். அவன் தட்டைத் தேய்ப்பதுபோல விரலால் சுற்றிக் காட்டி, எங்கே கழுவுவது என்று இங்கிலீஷில் கேட்டான். அவருக்கு விளங்குவதற்கு ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் உடம்பு குலுங்கச் சிரித்து, தட்டைப் பிடுங்கிக்கொண்டு, அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஐரோப்பாவுக்கு வந்தும் பத்துப் பாத்திரம் தேய்க்கப் பார்க்கிறாயா என்று கிண்டல் செய்தேன். "கை தானா போயிடுச்சிடா" என்று அவனும் சிரித்தான்.

அன்று முழுக்க அதே கிண்டல்தான். அந்த ஊரில் ஒரு பெரிய கடிகாரம் உண்டு. மணிக்கொரு தரம் ஒரு எலும்புக்கூடு பொம்மை மணி அடிக்கும், சன்னல் திறந்து சாமியார் பொம்மைகள் வரிசையாகப் போகும், கடைசியில் சேவல் கூவும். உலகமே அண்ணாந்து நிற்கிறது, நான் குமரேசன் காதில், அந்த எலும்புக்கூட்டின் தட்டையும் கழுவி வைத்துவிட்டு வா என்கிறேன். பொன்னுசாமி சிரிக்காததை அப்போது நான் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் பாலத்துக்குப் போனோம். ஆள் நடமாட்டமில்லை. அன்னங்கள் கரையோரம் மிதந்தன. குமரேசன் எதிர்ப்பக்கம் போய் ஒரு சிலையின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மறுபடியும் தட்டுக் கதையை எடுத்தேன். பொன்னுசாமி என்னைப் பார்த்து, "நீதான சொன்ன, எங்க வூடுன்னு நெனச்சிக்கோன்னு. அவன் நெனச்சிக்கினான்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். மீதியை நான்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கணக்கு போட குமரேசன் எங்கள் வீட்டுக்கு வருவான். அம்மா அவனுக்குக் குறை வைக்காமல் போடுவாள், கறிக்குழம்பு என்றால் இரண்டு துண்டு ஜாஸ்தியாகவே வைப்பாள். தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவான். தொட்டியில் தட்டைக் கழுவி மாட்டுக்கொட்டகைச் சுவரில் கவிழ்த்துவிட்டுப் போவான். அந்தத் தட்டு உள்ளே வராது. ஒருமுறை பொன்னுசாமியும் கூட வந்தான். அவன் கூடத்தில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டான், அவன் தட்டை அம்மா எடுத்தாள். "குமரேசன் நல்ல புள்ள, தட்டக்கூட கழுவி வச்சிட்டுப் போவுது" என்று அம்மா மெச்சுவாள். நானும் அவனை நல்ல பழக்கம் உள்ளவன் என்று நினைத்திருந்தேன். தெரியாது என்று இப்போது உங்களிடம் சொன்னால் அது பொய். தெரியும். அதைப் பற்றி யோசித்தால் வம்பு என்று விட்டுவிட்டேன், அதுதான் நிஜம்.

பாலத்தைக் கடந்து அவனிடம் போனேன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, உன் கல்யாணத்தில் முதல் பந்தியில் மூன்று பேரும் ஒன்றாக உட்காருவோம், எங்கள் அம்மாவும் வந்து சாப்பிடுவாள் என்று பெரிதாகச் சொன்னேன். அவன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கம்மாவ வுடுடா. நீ ஒக்காந்து சாப்ட்டா போதும்."

சத்தியமாக உட்காருவேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். அன்றைக்குச் சூரியன் கோபுரங்களுக்கு நடுவே ஏறினதை என்னால் சொல்லிக் காட்ட முடியாது. ஓடுகளெல்லாம் ஒவ்வொன்றாகச் சிவந்தன. மூன்று பேரும் தெருவில் புகைபோக்கி கேக் ஒன்றை வாங்கி, சுருள் சுருளாகப் பிய்த்து, ஒரே காகிதத்திலிருந்து தின்றுகொண்டே நடந்தோம். விரலெல்லாம் சர்க்கரை. எங்கள் ஊர், எங்கள் தெரு, அவர்கள் தெரு எதுவும் தெரியாத ஒரு நகரத்தில், எதை வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

தை மாதம் வந்தது. நான் ஊருக்கு வந்திருந்தேன். போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுங்கள் என்று அப்பா சொல்லி அனுப்பினார். அம்மாவும் நானும் போனோம். அவர்கள் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் குமரேசனின் அம்மா ஓடி வந்தார். இரண்டு கலர் சோடா பாட்டிலைக் கொண்டுவந்து எங்கள் கண்ணெதிரே மூடியைத் திறந்து கொடுத்தார். சாப்பிடச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. எங்கள் மாதிரி ஆட்கள் அந்தத் தெரு விசேஷத்துக்குப் போனால் மூடி போட்ட பாட்டில்தான், அது அவருக்கும் தெரியும். அம்மா அரை பாட்டில் குடித்தாள்.

பந்தி தொடங்கியிருந்தது. பொன்னுசாமி மலையிலிருந்து காலையிலேயே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் தன் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தான். அங்கே எனக்கும் இலை போட்டு, உப்பும் இனிப்பும் வைத்து, சோறும் போட்டாகிவிட்டது. அவன் என்னைப் பார்த்து வா என்று தலையை ஆட்டினான். மேடையில் மாலையோடு குமரேசனும் பார்த்தான். இருபது அடி இருக்கும். கையில் பாட்டிலோடு நின்றேன். பந்தல் காலோரம் எங்கள் தெருக்காரர் இரண்டு பேர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கெளம்பலாம்ப்பா, அப்பா காத்துக்கினு இருப்பாரு" என்றாள் அம்மா.

கிளம்பினேன். மேடைக்குப் போய்க் கைகூட கொடுக்கவில்லை.

குமரேசன் இப்போது ஹாலந்தில் இருக்கிறான். என் பிறந்தநாளுக்குத் தவறாமல் ஒரு வரி வாழ்த்து வரும், நானும் ஒரு வரி நன்றி அனுப்புவேன். எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் கடைசியாகப் போட்ட படம் அந்தப் பாலம்தான், அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. பொன்னுசாமி சேலத்தில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறான். அவன் என்னோடு பேசுவான். நான் போன பிறகு என்ன நடந்தது என்று போன வருஷம்தான் அவனிடம் கேட்டேன். கேட்க எனக்கு அத்தனை நாள் பிடித்தது.

பரிமாறுகிறவர்கள் அந்த இலையை எடுக்க வந்தார்களாம். குமரேசன் எடுக்க வேண்டாம் என்று மேடையிலிருந்தே கையைக் காட்டினானாம். மாலையோடு இறங்கி வந்து, பொன்னுசாமியின் கைக்குட்டையை எடுத்துவிட்டு அங்கே உட்கார்ந்தானாம். எனக்குப் போட்டிருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு எழுந்தானாம்.

அதற்கப்புறம் எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து எங்கேயும் இலை போடவில்லை.