முப்பத்திநாலு சைபர்

அட்வோவா டூஃபிக்குத் ‘தலைமைப் பண்பு’ என்ற வார்த்தையைக் கேட்டாலே குமட்டும். பதினோரு வருஷமாக அதை வைத்துத்தான் அவள் வயிற்றைக் கழுவுகிறாள். தலைநகர் அக்ராவில் இருக்கிற வணிகப் பள்ளி ஒன்று ஆராய்ச்சிக்குக் கேள்வித்தாள் அனுப்பும். குமாசி பக்கத்துச் சந்தை, பட்டறை, லாரி நிலையம் என்று அலைந்து ஆட்களைப் பிடித்து, கேள்வியை அந்தப் பக்கத்து ட்வி மொழியில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் கட்டத்துக்குள் அடைப்பது இவள் வேலை. ஆப்பிரிக்காவில் நிர்வாகம் ஏன் உருப்படவில்லை என்று கண்டுபிடிக்கிறார்களாம். நல்லா கண்டுபிடித்தார்கள்.

அந்த வருஷம் கிழங்குச் சந்தை. பெருவள்ளிக்கிழங்கு விற்கிற நானூறு பெண்களுக்கும் ராணி, நானா அச்சியா. அழுகல் சரக்கு வந்தாலும், லாரிக்காரன் தகராறு பண்ணினாலும், ஒருத்தி இடத்தை இன்னொருத்தி பிடித்துக்கொண்டாலும் தீர்ப்பு அவளுடையது. நகரசபைக்கு அது உறுத்தல். ஆராய்ச்சியில் ராணி எத்தனை மார்க் வாங்குகிறாள் பார்ப்போம், குறைந்தால் சம்பளத்துக்கு ஒரு மேலாளரைப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தது. இது டூஃபிக்கும் தெரியும்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் முன்னால் நின்றாள். நானா முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற அஃப்ரகோமாதான் அவளுடைய வாய். ராணி நாலு பேர் முன்னால் தன் வாயால் பேசுவது அங்கே வழக்கமில்லை. அவள் காதோடு சொல்வாள், அஃப்ரகோமா அதை அழகாக்கி ஊருக்குச் சொல்வாள். தீர்ப்பு பிடிக்காதவள் அஃப்ரகோமாவைத் திட்டிவிட்டுப் போவாள். மறுநாள் அதே நானாவிடம் சமாதானத்துக்கு வருவாள், ஏனென்றால் நானா அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

கேள்வித்தாளில் ஒன்பதாவது கேள்வி: தலைவர் மக்களிடம் நேரடியாகப் பேசுகிறாரா? கீழே சின்ன எழுத்தில், வேறொருவர் சொல்லும் பதில் செல்லாது. டூஃபி ஓரமாகப் போய், ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் க்ரென்ட்சிலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“டூஃபி, ஏழு நாட்டுல சோதிச்ச கேள்வித்தாள் அது. கை வைக்கப்படாது. அவங்க வாயால பதில் வரலையா, சைபர் போடு.”

இத்தனைக்கும் அந்த மனுஷனுடைய தாய்மாமனே ஊர்த்தலைவர். விடுமுறைக்குப் போனால் பட்டுத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அங்கே பேசுவதற்கென்று நிற்கிற ஆள் மூலமாகத்தான் மாமனுக்கே வணக்கம் சொல்வான். தெரியாமல் செய்தால் மன்னிக்கலாம். தெரிந்துகொண்டே செய்கிறவனை என்னவென்று சொல்வது? தூ.

நானாவே தன் வாயால் சொல்ல வேண்டும் என்று டூஃபி கேட்டுப் பார்த்தாள்; அஃப்ரகோமாதான் முப்பத்திநாலு கேள்விக்கும் அசராமல் பதில் சொன்னாள். டூஃபி முப்பத்திநாலு சைபர் போட்டாள். மனசு கேட்காமல் தாளின் பின்பக்கத்தில் நடந்ததை எல்லாம் பொடி எழுத்தில் எழுதினாள். அந்தத் தாளை ஒருத்தரும் திருப்பிப் பார்க்கவில்லை.

ஓட்டல் கூடத்தில் ஏசி போட்டு அறிக்கை வெளியிட்டார்கள். கிழங்குச் சந்தையில் தலைமையே இல்லை என்று திரையில் பெரிதாக வந்தது. கைதட்டினார்கள். பிறகு ஜொலோஃப் சோறும் கோழியும். பக்கத்து மேஜையில் ஒருத்தர் எலும்பைச் சப்பிக்கொண்டே, பாவம், இந்தப் பொம்பளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுக்கணும் என்றார். டூஃபி தட்டை ஒதுக்கிவைத்தாள். ஆனால் அன்றைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த பரிசுப் பையை வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

மேலாளர் வந்தான். தகராறு எல்லாம் இப்போது அவன் அறையில், மனு எழுதிக் கொடுத்தால் வியாழக்கிழமை விசாரணை. கிழங்கு வியாழன்வரை அழுகாமல் காத்திருக்குமா?

அடுத்த வருஷம் க்ரென்ட்சில் மறுபடி கூப்பிட்டான். சீர்திருத்தத்துக்குப் பிறகு முன்னேற்றம் உண்டா என்று பார்க்க வேண்டுமாம், அதே தாள், அதே ஆள். மாட்டேன் என்று சொல்ல டூஃபிக்கு நாக்கு துடித்தது. சரி சார் என்றாள்.

நானா அச்சியா முக்காலியில் இல்லை. மற்றவர்களோடு வரிசையில், கிழங்குக் குவியலுக்குப் பின்னால் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அஃப்ரகோமா தன் ஊருக்கே போய்விட்டாளாம். பேசிச் சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் அவள் எதற்கு?

டூஃபி பழைய பழக்கத்தில் செருப்பைக் கழற்றினாள்.

“போட்டுக்கோ, கால் சுடும்,” என்றாள் நானா.

அந்தக் குரலை டூஃபி அதுவரை கேட்டதே இல்லை. கரகரவென்று, கொஞ்சம் திக்கிய சாதாரணக் கிழவியின் குரல். அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“போன தடவை என் வாய்ல இருந்து வரணும்னு நின்னியே. இப்ப வருது, எழுதிக்கோ. எம்பக்கத்துல நிக்க ஆளில்ல, நானேதான் பேசுறேன். இதுக்கு எத்தன மார்க்கு?”

டூஃபி தாளைப் பார்த்தாள். ஒன்பதாவது கேள்வி. தலைவர் மக்களிடம் நேரடியாகப் பேசுகிறாரா?

“அஞ்சு, நானா,” என்றாள்.

“அஞ்சுக்கு எத்தன?”

“அஞ்சுக்கு அஞ்சு.”

“போடு,” என்று சொல்லிவிட்டு நானா வாடிக்கைக்காரிக்குக் கிழங்கு எடுத்துக் கொடுக்கத் திரும்பினாள். டூஃபி அஞ்சைச் சுற்றி வட்டம் போட்டாள்.