திரும்பிப் பார்க்காதவன்

பொய் சொன்னேன். என் தவற்றைத் தூக்கிச் சிவாவின் தலையில் கட்டினேன். உங்களிடம்தான் முதன்முதலாக இதைச் சொல்கிறேன்.

கிள்ளானில் ஞாயிறுதோறும் ஆடும் காற்பந்துக் குழு ஒன்றுக்கு நான் பயிற்றுநர். என் பள்ளித் தோழன் சிவா லோரி ஓட்டுபவன். எங்கள் தடுப்பாட்டத்தின் தூண். எதிராளியின் காலைவிட்டுப் பந்து நழுவினால் பாய்ந்து நெருக்கு, அதுதான் 'பிரஸ்'. அவன் பந்தை அடக்கித் தலைநிமிர்ந்து வர, உன் பின்னால் ஆளில்லையென்றால் பின்வாங்கு... நான் கற்பித்தது இவ்வளவுதான். சந்தேகம் வந்தால் கோட்டோரத்திலிருந்து என் குரல் வரும். வந்தால், திரும்பிப் பார்க்காதே!

சிவா பார்த்ததே இல்லை. முதுகை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஓடுவான். அந்த முதுகு! அத்தனை நம்பிக்கையை வேறு யார் எனக்குத் தந்தார்கள்?

அரையிறுதி ஆட்டம். கொட்டும் மழை. முடியப் போகிற நேரம், சமநிலை. எதிராளி தலைநிமிர்ந்து வந்தான். சிவாவின் பின்னால் யாருமில்லை. அவன் சரியாகத்தான் பின்வாங்கிக்கொண்டிருந்தான். எனக்குத்தான் பொறுக்கவில்லை...

"பிரஸ், சிவா! பிரஸ்!"

பாய்ந்தான். பந்து அவனைத் தாண்டிப் போனது. கோல்!

மழை இரைச்சலில் என் குரல், பக்கத்திலிருந்த அவனுக்கு மட்டுமே கேட்டிருந்தது.

"யாருடா உன்னை அங்க ஏறச் சொன்னது?" கோல்காவலன் கத்தினான்.

"அவசரப்பட்டுட்டான்" என்றேன். நான்!

சிவா என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "ஆமா லா, கோச்சு சொன்னா சரிதான். வீட்டுல பொண்டாட்டி காத்துக்கிட்டிருக்கா, சீக்கிரம் முடிச்சிரலாம்னு பாத்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... அதையாவது செய்யாமல் இருந்திருக்கலாம், இல்லையா?

அதன்பின் எந்த ஞாயிறும் அவன் வரவில்லை. அழைத்தால் எடுக்கிறான், லோரி, பிள்ளைகள், வெயில், எல்லாம் பேசுகிறான். "முட்டி வலிக்குது மாப்ள, வயசாச்சு லா" என்கிறான். என் நாக்கின் நுனிவரை வரும் மன்னிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது.

முட்டி வலி இல்லை. பக்கத்து ஊர் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக் குழுவுக்கு ஆடுகிறான். போன ஞாயிறு போனேன். வேலிக்கு வெளியே நின்றேன். ஒரே ஒருமுறை, என் குரலுக்கு அந்த முதுகு இன்னும் ஒருமுறை ஓடாதா...

எதிராளியின் காலைவிட்டுப் பந்து நழுவியது. எட்டிவிடும் தூரம்! "பிரஸ்!" என்று கத்தினார் அவர்களுடைய பயிற்றுநர்.

சிவா திரும்பிப் பார்த்தான்.

அதற்குள் பந்து போய்விட்டது.