பச்சைப் பெயிண்டில் இரண்டு சொற்கள்

எழுத்துக்குச் சக்தி உண்டா என்று யாராவது மேடையில் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். என் எழுத்து ஒரு பஸ்ஸையே நிறுத்தியிருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்த நேரம். எங்கள் காலனியில் அதுவரை எல்லோரும் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள். கம்பெனி வேலைக்குப் போன முதல் பெண் என் அண்ணி. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடி பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிக்கொண்டிருந்தேன். அவை போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தன.

காலை பஸ் எங்கள் காலனி வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. நிறுத்தம் ஏரிக்கரையைத் தாண்டி இருந்தது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அண்ணி அங்கே ஓடிச் சேர்வதற்குள் பல நாள் பஸ் அவளைத் தாண்டிப் போய்விடும்.

அதிகாரிகளுக்கு மனு எழுதினேன். உழைக்கும் மகளிரின் கண்ணீர், கதிரவன் எழுமுன் எழும் கால்கள் என்றெல்லாம் பக்கம் பக்கமாக. படித்துப் பார்த்து நானே அழுதுவிட்டேன். பதில் மட்டும் வரவில்லை. அதற்குள் இன்னொரு நாள் தாமதமாக வந்தால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் அண்ணியிடம் சொல்லிவிட்டார்.

"நீ எழுதினது நல்லாதான் கீது பாப்பா," என்றாள் அண்ணி. "ஆனா பஸ் ஓட்றவன் அதைப் படிக்கலியே. அவன் கண்ணுல படுற மாதிரி எழுதேன்."

எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக நிமிர்த்தினோம். கோயில் கதவுக்கு அடித்தது போக மிச்சமிருந்த பச்சைப் பெயிண்ட் கிடைத்தது. 'தயவுகூர்ந்து' என்று ஆரம்பிக்கப் போனேன். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெஞ்சினா நிக்க மாட்டான்."

கடைசியில் இரண்டே சொற்கள்தான் எழுதினேன். 'பேருந்து நிற்கும்'. தகட்டைச் சாலையோரப் புளியமரத்தில் கட்டினோம்.

மறுநாள் காலை அண்ணி ஏரிக்கரைக்குப் போகவில்லை. அந்தத் தகட்டின் கீழே நின்றாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். பஸ் நிற்காவிட்டால் அவள் வேலை போய்விடும், அதற்கு நான்தான் காரணமாவேன்.

பஸ் வந்தது. மரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய், கிறீச்சென்று நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"இது எப்போ வெச்சாங்கோ?"

"போர்டு கீது, நீங்க பாக்கலியா?" அண்ணி ஓடிப்போய் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டிருந்தாள்.

"ஆபீஸ்ல ஒருத்தனும் ஒண்ணும் சொல்றதில்ல. பேஜாரு," என்று முணுமுணுத்துவிட்டு விசில் ஊதினார். மறுநாளும் பஸ் நின்றது. அப்புறம் அது பழக்கமாகிவிட்டது.

சில மாதம் கழித்து இரண்டு ஆட்கள் வந்து இரும்புக் கம்பம் நட்டார்கள். அதில் அரசாங்கப் பலகை, அதே இரண்டு சொற்கள். என் தகட்டைக் கழற்றி எங்கள் கோழிக்கூண்டுக்கு மூடியாகப் போட்டோம்.

மாலை பஸ்ஸில் வந்து இறங்கிய அண்ணி புதுப் பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"உன் எழுத்துதான் நல்லா இருந்துது பாப்பா."

அன்றும் ஒரு கதை திரும்பி வந்திருந்தது. விளக்கு வைப்பதற்குள் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, கெஞ்சுகிற வரிகளை எல்லாம் அடித்தேன்.